எழுவைதீவுக்கு ஒரு கடிதம்: மின்னஞ்சலில் தமிழ் ஏறிய சரித்திரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைச் சப்த தீவுகள் என்று தொகைப்படுத்திக் கூறுவது நம்மவர் வழக்கம். அவற்றுள் நெடுந்தீவு தன் பரப்பினாலும் ஒல்லாந்தர் இட்ட டெல்வ்ற் என்ற பெயரினாலும், நயினாதீவு நாகபூஷணி அம்மன் சந்நிதியினாலும், காரைதீவு ஈழத்துச் சிதம்பரத்தினாலும், வேலணைத் தீவு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தினாலும் பெயர்பெற்று விளங்க, இரண்டு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த பரப்புடைய எழுவைதீவு மாத்திரம் சரித்திர ஆசிரியர்களின் கண்ணில் அதிகம் படாமலே இருந்துவந்திருக்கிறது. ஆயினும், கடிதம் என்னும் சாதனம் எவ்வாறு வளர்ந்தது, எவ்விதிகளுக்கு அடங்கி நடந்தது என்று ஆராயப் புகுவோருக்கு இச்சிறு தீவைப் போல உதவும் இடம் வேறொன்று அரிது என்பது என் துணிபு. தாம்போதியாலோ பாலத்தாலோ தரையோடு பிணைக்கப்படாத இத்தீவுக்கு வருகின்ற எந்தக் கடிதமும், லண்டனில் எழுதப்பட்டதாயினும் கொழும்பில் எழுதப்பட்டதாயினும், கடைசிக் கட்டத்தில் படகேறியே வந்தாக வேண்டும். ஆகவே ஒரு கடிதம் வழியிலே எத்தனை கை மாறுகிறது, எங்கே தடைப்படுகிறது, எப்படிச் சிதைகிறது என்பதை இவ்வூரார் அனுபவத்திலே நன்கு அறிவர்.

தீவகத்தார் கடிதத்தை நம்பி வாழ்ந்த ஜனங்கள். நன்னீர் அருமையும் விளைநிலச் சுருக்கமும் அவர்களை வெளியே துரத்தின. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தவர்கள் ஒருபுறம். ஆங்கிலம் கற்று மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் தேடிக்கொண்ட யாழ்ப்பாணத்தார் மற்றொருபுறம். இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வெளிவந்தது. 1877 இல் இலங்கை சர்வதேசத் தபால் சங்கத்திற் சேர்ந்தது. இவ்விரண்டினாலும் கடல் கடந்த கடிதப் போக்குவரத்து ஓர் ஒழுங்குக்கு வந்தது. காசுக்கட்டளையும் பதிவுத் தபாலும் தந்தியும் அதன் கூடவே வந்தன. இவற்றைவிட உறுதியாக நிலைபெற்றது கடிதத்தின் உருவம். தலையிலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் 'சிவமயம்', கத்தோலிக்கர் வீடாயின் ஒரு சிலுவைக் குறி, வலப்புறத்தில் ஊரும் திகதியும், பின்னர் விளிப்பு, 'நான் நல்ல சுகம், அதுபோல் உங்கள் சுகத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன்' என்ற க்ஷேம விசாரணை, அதன்பின் தனியே 'நிற்க' என்றொரு சொல், அதற்கப்பால்தான் விஷயம். காணி வழக்கோ, கலியாணப் பேச்சோ, காசில்லாக் கஷ்டமோ எதுவாயினும் அந்தச் சொல்லைத் தாண்டிய பிறகே பேசப்படும். கண் மங்கிய கிழவருக்குக் கடிதம் வாசித்துக் காட்டும் பள்ளிப்பிள்ளை கூட, எவ்விடத்தில் சம்பிரதாயம் முடிந்து எவ்விடத்தில் செய்தி தொடங்குகிறது என்பதைத் தடுமாற்றமின்றி அறிந்திருந்தது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரித்தானியப் படையினருக்கென ஏற்பட்டுப் பின்னர் உலகெங்கும் பொதுவழக்கான நீலநிற விமானக் கடிதத்தாள் இந்த உருவத்தைச் சற்றே நெருக்கியது. ஒரே தாள், அதுவே உறை, உள்ளே வேறொன்றும் வைத்தலாகாது என்ற நியமத்தினால், எழுத இடம் போதாமல் ஓரங்களிலும் மடிப்புகளிலும் கடைசி வரிகளை நெருக்கி எழுதி முடிப்பது வழக்கமாயிற்று. அளவு வரையறை ஒன்று ஏற்பட்டவிடத்து, மொழி அதற்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பழகும். இதே நிர்ப்பந்தம் பிற்காலத்தில் வேறொரு ரூபத்தில் வந்து தமிழைப் பிடித்தது.

1971 ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே ரே தொம்லின்சன் என்ற பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியில் உள்ளவருக்குச் செய்தி அனுப்பும் மார்க்கத்தைக் கண்டு, ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தார். அனுப்ப வழி பிறந்ததும், அனுப்பப்படும் மடலின் உருவம் எவ்வாறிருக்க வேண்டும் என்ற வினா எழுந்தது. 1973 இல் அதற்கு முதல் வரைவு வந்தது. 1977 இல் விரிவானதொரு விதிநூல் வந்தது. 1982 ஓகஸ்டில் டேவிட் குறொக்கர் திருத்தி வெளியிட்ட ஆர்.எவ்.சி. 822 என்ற விதிநூல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மின்னஞ்சலின் இலக்கணமாய் அரசோச்சியது. அதற்குப் பின் 2001 இலும் 2008 இலும் வந்தவை அதன் திருத்தங்களே. அவ்விலக்கணத்தின் சாரத்தைத் தீவகத்துக் கடிதம் எழுதிப் பழகிய எவரும் உடனே புரிந்துகொள்வர். யாரிடமிருந்து, யாருக்கு, எந்தத் திகதியில், என்ன பொருள் குறித்து என்பவை தலைப்பகுதியில் ஒவ்வொரு வரியாக வர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பின் முக்காற்புள்ளி இட வேண்டும். அத்தலைப்பகுதி முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்று வரி விட வேண்டும். அதன் பின்பே செய்தி. நம் கடிதத்தில் 'நிற்க' என்ற சொல் செய்த வேலையை மின்னஞ்சலில் அந்த வெற்று வரி செய்கிறது. மடலைப் பெறும் மென்பொருள் மேலிருந்து கீழாக வாசித்து வந்து, வெற்று வரியைக் கண்டதும், இனி வருவது மனிதருக்குரியது என்று கைகட்டி நின்றுவிடும்.

இவ்வளவும் நேர்த்தியே. ஆனால் அந்த விதிநூலின் அடித்தளத்தில் ஓர் எண்ணம் பதிந்து கிடந்தது: மடல் என்பது ஆங்கிலத்தில் எழுதப்படுவது. ஆஸ்கி என்னும் எழுத்துப் பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். அவற்றுள் இடைவெளியையும் சேர்த்து 95 மட்டுமே கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள். ஓர் எழுத்தைக் குறிக்க ஏழு பிட்டுகள் போதும் என்று கொண்டு, எட்டாவது பிட்டை வழியிலுள்ள அஞ்சல் இயந்திரங்கள் அலட்சியமாய்க் களைந்துவிடலாம் என அதே 1982 இல் வந்த அஞ்சற் போக்குவரத்து விதியும் இடமளித்தது. வரிக்கும் ஓர் அளவு இருந்தது: 78 எழுத்துக்குள் அடங்குதல் நலம், 998 ஐத் தாண்டுதல் கூடாது என்று பின்வந்த விதிநூல் தெளிவுபடுத்திற்று. இவை தீய நோக்கத்தினால் விளைந்தவை என்று சொல்ல நான் துணியேன். தொலை அச்சுப்பொறிகளின் காலத்தில், கையில் இருந்ததைக் கொண்டு, அனைவருக்கும் பொதுவாய் ஓர் ஒழுங்கு செய்தார்கள். ஆயினும் அதன் பலன் யாதெனில், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்யும் ஓர் ஆய்தமும் உடைய பாஷை ஒன்று அந்த வாசலில் வந்து நின்றபோது, அதற்கு அங்கே ஆசனம் இடப்பட்டிருக்கவில்லை.

தமிழ் அந்த வாசலுக்கு வந்த காலமோ நம் ஜனங்களின் பெருந்துயர்க் காலம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் கனடாவுக்கும் ஐரோப்பிய தேசங்களுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெருந்தொகையாய்ப் போயினர். 1990 இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. தீவகத்தார் பலர் அந்த ஆண்டுகளில் இடம்பெயர்ந்து குடாநாட்டிலும் கொழும்பிலும் வேறு தேசங்களிலும் சிதறினர். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும், பெற்றோர் ஓர் இறங்குதுறைக்கு அப்பாலும் இருக்க, கடிதம் கொழும்புக்கு வந்து யாருடைய கையிலேனும் காத்துக் கிடந்து, போக்குவரத்துக் கிடைத்தபோது வடக்கே போயிற்று. இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கிடையே 1990 அளவில் மின்னஞ்சல் நடமாடத் தொடங்கியும், பொதுமக்களுக்கான இணைய சேவை 1995 இல் தொடங்கியும், அவை யாவும் கொழும்பின் காரியங்களாகவே இருந்தன. 2002 ஏப்ரலில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மீளத் திறக்கப்பட்ட பின்னரே குடாநாட்டில் இணையம் பரவலாகக் கைக்கு எட்டியது. எழுவைதீவுக்கு ஒரு மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டுமாயின், கரையில் ஏதாவதொரு தொடர்பாடல் நிலையத்தில் ஒருவர் அதைத் திறந்து, அச்சிட்டு, படகேறும் ஒருவர் கையிலே கொடுத்துவிட வேண்டும். அந்த அச்சுத்தாளில் வந்தது தமிழா, வேறெதுவோ என்பதை நிர்ணயித்தவை அக்கடைக் கணினியின் மென்பொருளில் இருந்த அமைப்புகளே. அவ்வமைப்புகளின் சரித்திரத்தை யாரும் எழுதிவைக்காமல் விடுவது அக்காலத்துக் கடிதங்களுக்குச் செய்யும் பெரும் அநீதி என்று நினைக்கிறேன்.

ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற எழுத்துரு பாமினி. தட்டச்சுப்பொறியின் விசை ஒழுங்கைத் தழுவிய இந்த எழுத்துரு செய்த வேலை எளியது: ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தது. கணினி தன் மனத்தில் ஆங்கிலம் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிவது தமிழ். எழுவைதீவு என்ற பெயரைப் பாமினியில் எழுத ஏழு விசைகள் போதும்: சின்ன வீ, பெரிய ஓ, சின்ன ஐ, சின்ன ரீ, சின்ன ஜே, பெரிய பீ, பெரிய ரீ. இவை ஏழும் ஆஸ்கிப் பட்டியலுக்குள் அடங்கியவை. எனவே எட்டாம் பிட்டைக் களையும் இயந்திரங்கள் எத்தனை வழியில் இருந்தாலும் அவை சேதமின்றிப் போய்ச் சேர்ந்தன. பாமினியைக் குறைகூறும் அறிஞர் பலர். அது தமிழை ஆங்கிலமாய் வேஷம் போடச் செய்தது என்பது அவர்களுடைய கட்சி. அக்குற்றச்சாட்டு மெய்யே. ஆயினும், வேறெதுவும் உயிரோடு கடக்க முடியாத கடலை அந்த வேஷம் கடந்தது என்பதும் மெய். நம் குடும்பங்களின் ஒரு தலைமுறைக் கடிதம் அதனால் வாழ்ந்தது.

எனினும் வேஷத்துக்குரிய ஆபத்துகள் உண்டு. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஓர் அமைப்பு ஆங்கிலம் எழுதுவோருக்கென மென்பொருள்களில் இயங்கிக்கொண்டிருந்தது. பாமினியில் சின்ன வீ என்பது எகரம், பெரிய வீ என்பது ஏகாரம். ஆகையால் எழுவைதீவு என்று தொடங்கும் வாக்கியம் ஏழுவைதீவு என்று திரிந்துவிடும். எழுத்து முழுவதையும் சின்ன எழுத்தாக்கும் இடத்தில் அகப்பட்டால் எழவைதிவ என்று குறைந்துபோகும். இதைவிட விபரீதம் நிறுத்தக் குறிகளால் விளைந்தது. பாமினியில் காற்புள்ளி இருந்த விசையில் இகரம் இருந்தது. அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருந்தது. இடக்கோணக் குறி இருந்த இடத்தில் ஈகாரம் இருந்தது. மின்னஞ்சலின் இலக்கணத்திலோ, முகவரி வரியில் காற்புள்ளி ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரிப்பது. அரைப்புள்ளி ஒரு குழுவை முடிப்பது. கோணக் குறி முகவரியைத் தொடங்குவது. எனவே, இகரத்தில் தொடங்கும் தமிழ்ப் பெயரொன்றையோ இடையில் மெய்யெழுத்து வரும் பெயரையோ முகவரி வரியில் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்காமல் எழுதிவிட்டால், மென்பொருள் அதை ஒரு பெயராகக் கொள்ளாது. துண்டு துண்டாய் நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் ஆளென்று எண்ணி, அப்படி ஓர் ஆள் இல்லையென்று திருப்பி அனுப்பும். பதில் எழுதும்போதும் ஒரு தொல்லை: முன்வந்த மடலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னே வலக்கோணக் குறி இட்டு மேற்கோள் காட்டுவது மின்னஞ்சலின் வழக்கம்; அந்த வலக்கோணக் குறி பாமினியில் காற்புள்ளி. தாயின் கடிதத்துக்கு மகன் எழுதிய பதிலில், தாயின் ஒவ்வொரு வரியும் காற்புள்ளியோடு தொடங்கி நின்றது. இவற்றைக் கண்டு கண்டு, பெயர் வரியை ஆங்கிலத்திலேயே எழுதுவது, முதலெழுத்துப் பெரிதாக்கும் அமைப்பை நிறுத்துவது, மேற்கோள் குறியை நீக்குவது என்ற மூன்று பழக்கங்களை எம்மவர் தாமாகவே கைக்கொண்டனர்.

இதே காலத்தில் பாமினிக்கு வெளியே வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சுவிற்சர்லாந்தில் இரசாயன விஞ்ஞானியான கு. கல்யாணசுந்தரம் தாமே தமிழ் எழுத்துரு ஆக்கி இலவசமாய் வழங்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 இல் தமிழை இணையத்தில் ஏற்றி, 1997 இல் தமிழ் இணைய மகாநாடொன்றையும் கூட்டினார். அவுஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெற் மடற்குழுவில் பல தேசத்துத் தமிழர் ஒருவருக்கொருவர் தமிழிலேயே மடல் எழுத முயன்றனர். அவரவர் எழுத்துருவுக்கு அவரவர் ஒழுங்கு இருந்ததனால், ஒருவர் எழுதியது மற்றொருவருக்குப் புதிராயிற்று. இந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததே திஸ்கி என்னும் தகுதரம். ஆஸ்கியின் 128 இடங்களில் ஆங்கிலத்தை அப்படியே இருக்கவிட்டு, எட்டாம் பிட்டினாற் கிடைக்கும் மேல் 128 இடங்களிலே தமிழை வைப்பது அதன் கொள்கை. ஒரே மடலில் ஆங்கிலமும் தமிழும் எழுத்துரு மாற்றாமலே எழுதலாம். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மகாநாட்டில் தமிழ்நாட்டரசு ரேம், ரேப் என்ற வேறு இரு ஒழுங்குகளை ஏற்றுக்கொண்டதனால் பிணக்கு முற்றாகத் தீரவில்லை. ஆயினும் மின்னஞ்சலைப் பொறுத்தவரை திஸ்கியின் சேவை பெரிது என்பதே என் அபிப்பிராயம். அது அரசாணையால் அன்றி, மடல் எழுதிப் பார்த்துப் பிழை கண்டு திருத்தியவர்களின் பிரயாசையால் உருவானது.

திஸ்கி மடலை வாசிக்க விரும்புவோர் மென்பொருளைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரசிலும் நெற்ஸ்கேப்பிலும் எழுத்துத் தொகுதிகளின் பட்டியலில் 'பயனர் வரையறுப்பது' என்றொரு வரி இருந்தது. ஜப்பானியம், கிரேக்கம், அரபு என்று பெயர் பெற்ற மொழிகளுக்குக் கீழே, பெயரில்லாதவர்களுக்கென விடப்பட்ட இடம் அது. அதைத் தெரிந்து, அதற்குரிய எழுத்துருவாக ஒரு திஸ்கி எழுத்துருவை நியமித்து, அனுப்பும் பகுதிக்குச் சென்று மடலின் உருவம் வெற்றுரையா, எழுத்துருப் பெயரையும் சுமந்து செல்லும் எச்.ரி.எம்.எல். ஆ என்று தீர்மானித்து, 76 எழுத்தில் வரியை மடிக்கும் அமைப்பைப் பார்த்து, பொதி செய்யும் முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.ரி.எம்.எல். வடிவில் அனுப்பினால் எழுத்துருவின் பெயர் மடலுக்குள்ளேயே இருக்கும். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இருந்தால் உடனே தமிழ் தெரியும். ஆனால் மடல் பருத்துவிடும், தொலைபேசி வழி இணைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. வெற்றுரையாய் அனுப்பினால் சிறுத்திருக்கும். பெறுபவர்தாம் எழுத்துருவைத் தேடிக்கொள்ள வேண்டும். எழுத்துருவின் பெயரை ஆங்கிலத்தில் மடலின் முதல் வரியில் எழுதிவிட்டுத் தமிழைத் தொடங்கும் வழக்கம் இதனால் வந்தது. பிள்ளையார் சுழி இருந்த இடத்தில் எழுத்துருவின் பெயர் வந்து அமர்ந்தது.

எட்டாம் பிட்டு வழியிற் களையப்படாமல் காப்பதற்கு ஏற்கெனவே ஓர் உபாயம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நதானியேல் போரன்ஸ்ரைனும் நெட் ஃபிறீடும் 1992 ஜூனில் வெளியிட்ட மைம் என்ற விதிநூல் அது. பழைய இலக்கணத்தை அவர்கள் உடைக்கவில்லை. தலைப்பகுதியில் சில புதிய வரிகளைச் சேர்த்தார்கள். உள்ளே இருப்பது எவ்வகைப் பொருள், எந்த எழுத்துத் தொகுதியில் எழுதப்பட்டது, எந்த முறையில் பொதி செய்யப்பட்டது என்ற மூன்றையும் அவ்வரிகள் அறிவித்தன. எதிர்காலத்தில் தம் பேரப்பிள்ளைகளின் படங்கள் தமக்கு மின்னஞ்சலில் வரவேண்டும் என்பதே தம் நோக்கம் என்று போரன்ஸ்ரைன் சொல்லியிருக்கிறார். பேரப்பிள்ளையைப் படத்தில் மாத்திரமே கண்ட பாட்டன் பாட்டிமார் நிறைந்த நம் தீவுகளில் அந்த நோக்கத்தின் அருமை எவருக்கும் விளக்காமலே விளங்கும்.

மைம் வகுத்த பொதி முறைகள் இரண்டு. ஒன்றில், ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு இலக்கங்களுமாக மூன்று எழுத்தாக எழுதப்படும். மற்றொன்றில், மூன்று பைட்டுகள் நான்கு எழுத்தாக மாற்றப்படும். ஐரோப்பிய மொழிகளுக்கு முதலாவது முறை பொருந்தும். ஒரு வரியில் ஓரிரண்டு எழுத்துகளே அவ்வாறு மாறும். தமிழுக்கு அது பெருஞ்செலவு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான இன்றைய தகுதரமாகிய ஒருங்குறியில் எழுவைதீவு என்ற சொல் ஒன்பது குறிகளால் ஆனது: ஐந்து எழுத்தும் நான்கு உயிர்க்குறியும். அக்குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூ.ரி.எவ்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள், ஆக 27. அதைச் சமக்குறி முறையில் பொதி செய்தால் 81 எழுத்துகள். அம்முறையில் ஒரு வரிக்கு 76 எழுத்துக்கு மேல் கூடாது. ஆகவே கண்ணுக்கு ஐந்தெழுத்தாய்த் தோன்றும் இத்தீவின் பெயர் அங்கே ஒரு வரிக்குள் அடங்காது. மற்ற முறையில் 36 எழுத்துகளே. எனவேதான் தமிழ் மடலுக்கு இரண்டாவது முறையைத் தெரிவதே உசிதம். முதல் முறையிலேயே நிலையாக அமைத்த மென்பொருள்கள் தமிழ் மடலை மும்மடங்காய் வீங்க வைத்தன. பொருள் வரிக்கும் இதே நெருக்கடி: அங்கே ஒரு பொதி 75 எழுத்தைத் தாண்டலாகாது என்பதால், இரண்டாவது முறையிலும் பதினைந்து குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்த் தலைப்பு இரண்டு பொதிகளாகப் பிரிக்கப்பட வேண்டும், ஒரு குறியின் மூன்று பைட்டுகளை நடுவே வெட்டலாகாது என்று விதி இருந்தும் அதைப் பேணாத மென்பொருள்களால், நல்ல தமிழ்த் தலைப்பின் நடுவில் ஒரு கரிய வைரக் குறியோ கேள்விக்குறியோ முளைத்தது.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மின்னஞ்சலின் திகதி வரியில், எழுதிய தேசத்தின் நேரம் கிறீனிச் நேரத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் குறிக்க வேண்டும் என்பது விதி. இலங்கை 1996 மே 25 இல் தன் நேரத்தை ஐந்தரை மணியிலிருந்து ஆறரை மணி முன்னுக்கு மாற்றியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் ஆறு மணியாக்கியது. 2006 ஏப்ரல் 15 இல் மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. தம் கணினிகளில் நேரவலய அமைப்பை மாற்றாதவர்கள் அனுப்பிய மடல்கள் அரை மணியோ ஒரு மணியோ பிசகிய நேரத்தைச் சுமந்து சென்றன; பதில் கேள்விக்கு முந்தியதாய்க் காட்சியளித்ததும் உண்டு. அந்தப் பத்தாண்டு மடல்களைக் கொண்டு எதிர்காலத்தில் சரித்திரம் எழுதுவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

ஒருங்குறி 1991 இலேயே தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கியிருந்தது. கென் தொம்சனும் றொப் பைக்கும் 1992 இல் வகுத்த யூ.ரி.எவ்.-8 முறை அதை அஞ்சலில் ஏற்றத் தக்கதாக்கிற்று. ஆயினும் வீட்டுக் கணினிகளில் அது நடைமுறைக்கு வர விண்டோஸ் 2000 வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லதா என்ற தமிழ் எழுத்துரு அதனோடு வந்தது. 2004 ஏப்ரலில் ஜிமெயில் தோன்றியதும் தமிழ் மடல் பெரும்பாலும் அமைப்பு எதுவும் மாற்றாமலே படிக்கக் கிடைத்தது. அங்கும் வெளிச்செல்லும் மடலை எப்போதும் ஒருங்குறியில் அனுப்புக என்று ஒரு தெரிவு வெகுகாலம் தனியே இருந்தது. இடைக்காலத்திலோ, மடல் யூ.ரி.எவ்.-8 இல் எழுதப்பட்டிருக்க, மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தென்று கருதித் திறந்த சந்தர்ப்பங்கள் எண்ணற்றவை. அப்போது திரையில் தோன்றும் கோலம் ஒவ்வொரு தமிழருக்கும் பரிச்சயமானது: தலைமேற் சாய்கோடு இட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அதன் அருகே வட்டத்துக்குள் ஆர் எழுத்தை அடைத்த வணிகக் குறி அல்லது ஒரு மேற்கோடு, பின் வேறொரு கிறுக்கு; மீண்டும் அதே ஏ. எழுவைதீவு என்ற பெயர் இவ்வாறு திறக்கப்பட்டால் அந்த ஏ ஒன்பது முறை வரும். ஐந்து எழுத்துக்கும் வட்ட ஆர் ஐந்து முறை, நான்கு உயிர்க்குறிக்கும் மேற்கோடு நான்கு முறை. பார்ப்பவர் நாசமாயிற்று என்று எண்ணி மடலை அழித்துவிடுவர். ஆனால் இக்கோலத்தில் ஒரு பைட்டும் தொலையவில்லை. எழுத்துத் தொகுதியை யூ.ரி.எவ்.-8 என்று மாற்றிய மாத்திரத்தில் தமிழ் எழுந்து நிற்கும். கேள்விக்குறிகள் வரிசையாய் நின்றால் மாத்திரமே நம்பிக்கை இழக்க வேண்டும். அங்கே எழுத்து வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

முகவரி வரியிலும் பிற்பாடு தமிழுக்கு இடம் வந்தது. 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் இணையப் பெயர் 2010 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2012 பெப்ரவரியில் வெளியான விதிநூல்கள் மின்னஞ்சல் முகவரி முழுவதையும் ஆங்கிலமல்லாத எழுத்தில் எழுத வழி வகுத்தன. ஆயினும் வங்கிப் படிவங்களும் அரசாங்கத் தளங்களும் அத்தகைய முகவரியை இன்றும் பிழையென்று தள்ளுவதைக் காண்கிறோம். விதி மாறியும் மென்பொருள்களின் பழைய அமைப்புகள் மாறவில்லை.

தீவகத்தாரில் வெளிநாடு போன முதல் தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர்கள் வீட்டு அலுமாரிகளில் நீலநிற விமானக் கடிதங்கள் பத்திரமாய் இருக்கும். பழைய கணினிகளிலும் தட்டுகளிலும் கிடக்கும் 1990களின் மடல்களையோ எவரும் கவனிப்பதில்லை. ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் என்ற மின்னூலகம் 2005 இலிருந்து புத்தகங்களையும் பத்திரிகைகளையும் காத்துவருகிறது. குடும்பக் கடிதங்களை முதலிற் காக்க வேண்டியவர்கள் குடும்பத்தாரே. வாசிக்க முடியவில்லை என்று ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். மடலின் தலைப்பகுதியை அப்படியே வைத்திருங்கள். அது பாமினியா, திஸ்கியா, வேறு எழுத்துருவா என்று தெரிந்தவரைக் கேட்டு அந்தப் பெயரைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூலத்தின் பிரதியை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எழுத்துருவின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும்.